அக்கா ஊர்க் காட்டு ஆந்தை

பறவை பார்க்க வருகிறவர்கள் இலை இலையாய்ப் படம் போட்ட உடுப்பை ஏன் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் காரைக்குடிப் பக்கத்து மண் சிவப்பு. செம்பாறையும் சீமைக்கருவேலும் பாளம் பாளமாய் வெடித்த கண்மாயும்தான் கண்ணுக்கு எட்டிய மட்டும். அந்தச் சிவப்பில் ஒருவர் பச்சை உடுப்போடு காரிலிருந்து இறங்கினால், தொலைவில் மேய்கிற வெள்ளாடுகூட மேய்ச்சலை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும். பறவைக்கு மட்டும் தெரியாது என்று நினைக்கிறார்கள். தலையில் பச்சைத் தொப்பி, மூக்கு வரை பச்சைத் துணி, பீரங்கி நீளத்துக்கு ஒரு கேமரா, அதற்கும் பச்சையில் ஒரு உறை. இத்தனையும் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நின்று கைபேசியில் சத்தமாகப் பேசுவார்கள்.

நான் அப்படி உடுத்தியதில்லை. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சாம்பல் நிறச் சட்டை, பழைய பைனாகுலர், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டேன். அதனாலேயே அவர்களைவிட நான் மேலானவன் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இகழ்ச்சி எனக்கு எப்போதுமே எளிதாக வரும். வகுப்பில் மாணவர்களை இகழ்ந்தேன், ஆசிரியர் அறையில் உடன் வேலை பார்த்தவர்களை இகழ்ந்தேன், கல்யாண வீடுகளில் உறவுக்காரர்களை இகழ்ந்தேன். வாய்விட்டுச் சொன்னது குறைவு. முகத்தில் காட்டியது அதிகம். இந்த வயதில் அது திரும்பி வந்து என் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எந்த வழியாக வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. காடு என்று இருந்ததெல்லாம் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்டது. தப்பியவை, சாமிக்குப் பயந்து விட்டுவைத்த கோயில்காடுகள். ஊருக்கு வெளியே, வெறும் பொட்டலுக்கு நடுவில், திடீரென்று ஒரு கரும்பச்சைத் திட்டுத் தெரியும். உள்ளே அய்யனாரோ காளியோ இருப்பார்கள். வீரை, பாலை, உசிலை என்று மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வெயிலைத் தரையில் விழவிடாமல் நிற்கும். அதற்குள் செருப்புப் போடக் கூடாது, சுள்ளி ஒடிக்கக் கூடாது, இரும்பு கொண்டுபோகக் கூடாது. சுற்றிலும் எரிகிற பொட்டலில் இப்படி ஒரு நிழல் இருந்தால் அந்த வட்டாரத்துப் பறவையெல்லாம் அங்கே வந்து ஒதுங்கும்.

குன்றக்குடிக்கு மேற்கே அப்படி ஒரு காட்டை நான் எனக்கென்று பிடித்துவைத்திருந்தேன். பிடித்துவைத்தேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஊர் அவர்களுடையது, சாமி அவர்களுடையது, மரம் அவர்களுடையது. ஆனால் அந்தக் கோயில் கமிட்டிக்காரர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மண்குதிரைகளுக்குப் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்தார்கள். மரங்களின் அடியில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை தீட்டினார்கள். ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு, அதைக் கொடுத்தவர் பெயரைத் தகரம் தெரியாத அளவுக்கு எழுதிவைத்தார்கள். இவர்களுக்கு எதற்கு ஒரு காடு என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் காட்டுக்கு ஐப்பசி மழையோடு ஆறுமணிக்குருவி வரும். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வந்து, எங்கள் ஊர்ச் சருகைக் கிளறிப் புழு தின்றுவிட்டு, கோடை முற்றுவதற்குள் திரும்பிவிடும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சீழ்க்கை அடிக்கும். உள்ளங்கை அளவு உடம்பில் நீலம், பச்சை, மஞ்சள், அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. பறவைக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். என்னைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்துவிடக் கூடாது என்பது உண்மையான காரணம்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டரமாணிக்கத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஊரின் கடைசி வீடு அவளுடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு துண்டுப் பொட்டல், அதைத் தாண்டினால் அந்த ஊர்க் கோயில்காடு. கல்யாணம் முடிந்த மறுநாள் நான் அதை எட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சீமைக்கருவேல் ஏறிய ஒரு புதர், நடுவில் கிழட்டு மரங்கள் சில. “இதையா காடுங்கிறாக?” என்று மச்சானிடம் கேட்டேன். மச்சான் சிரித்துவிட்டு எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. பறவை பார்க்கத் தொடங்கி எத்தனையோ காடுகளுக்கு, எவ்வளவோ தூரம் போனேன். அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போகவில்லை.

மச்சான் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் சிங்கப்பூரில். அக்கா தனியாக இருந்தாள். போதாததற்குக் காதும் மந்தமாகிவிட்டது என்று சொன்னார்கள். போனில் பேசினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. வாரத்துக்கு ஒரு முறை பேசியது, மாதத்துக்கு ஒரு முறையாகி, பிறகு அவளாகக் கூப்பிட்டால் மட்டும் பேசுவது என்று ஆனது. காதில்லாதவளுக்குப் போன் எதற்கு என்று என் மனைவியிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

தை பிறந்து சில நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

“தம்பி, இங்குட்டு ஒரு நடை வந்துட்டுப் போயேன். ஒண்ணு காட்டணும்.”

“என்னக்கா காட்டப்போற?”

“என்னது?”

“என்னான்னு கேட்டேன்!”

“போன்ல சொல்ற விசயமில்லப்பா. இங்க பக்கத்துல ஆளுக இருக்காக. நீதான் பறவை பறவைன்னு அலையுறியே, வா.”

“மயிலா?”

“மயில பாக்கவா உன்னையக் கூப்புடுவேன்? அது எங்க வீட்டு ஓட்டு மேலயே நிக்கிது.”

“அக்கா, உங்க காட்டுல காக்காயும் கருவேலும்தான் கெடக்கு. அதுக்கு நான் பெட்ரோல் போட்டு வரணுமா?”

அந்தப் பக்கம் கொல்லைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “கேக்கல தம்பி,” என்றாள். நான் மறுபடி கத்த விருப்பமில்லாமல் வைத்துவிட்டேன்.

மாசியில் அந்தப் படக்காரர் வந்தார். பெயர் வேண்டாம், படக்காரர் என்றே சொல்கிறேன். சென்னையில் கணினி வேலை. பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள், அதில் நண்பர்களோடு வந்து தங்கியிருந்தார். பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணைப் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்ததும் கேட்டார்.

“சார், இந்தப் பக்கம் பிட்டா ஈஸியா கிடைக்குதாமே சார். உங்களுக்கு ஸ்பாட் தெரியும்னு சொன்னாங்க.”

ஆறுமணிக்குருவியைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். கிடைக்கிறது என்றார், சந்தையில் கத்திரிக்காய் கிடைக்கிற மாதிரி.

“படம் எடுத்து என்ன செய்வீங்க?”

“போடுவேன் சார்.”

“எதுல?”

“எல்லாத்துலயும் சார்.”

“அது சருகுக்குள்ள இருக்குற பறவை. நீங்க ரொம்ப நேரம் அசையாம உக்காரணும்.”

அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு ஒலிபெருக்கியை எடுத்துக் காட்டினார். “நான் வெயிட் பண்றதே இல்ல சார். போன்ல எல்லாப் பறவை குரலும் இருக்கு. போட்டுவிட்டா, வேற எவனோ ஏரியாக்குள்ள வந்துட்டான்னு நெனச்சு அதுவே ஓடி வந்துடும். நிம்மதியா எடுக்கலாம்.”

இந்த வித்தையைக் கண்டித்து நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். தன் எல்லையில் எதிரி நுழைந்துவிட்டது என்று பறவை பதறி வெளியே வருகிறது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் கூட்டையே கைவிட்டுவிடும். இதையெல்லாம் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் செய்தது வேறு. இந்த ஆளை அலைய வைக்க வேண்டும் என்று தோன்றியது. தூரமான இடமாக இருக்க வேண்டும், நம்பும்படி ஒரு கோயில்காடும் இருக்க வேண்டும், அங்கே ஒரு பறவையும் இருக்கக் கூடாது. யோசிக்கவே இல்லை. அக்கா ஊர் வாயில் வந்துவிட்டது.

வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் தோளில் கை போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏங்க, பொய் சொல்லி அனுப்புறதுக்கு உங்களுக்கு வேற ஊரே கெடைக்கலையா? அக்கா ஊருதான் கெடைச்சுச்சா?”

“அங்க என்ன இருக்கு? முள்ளக் குத்திக்கிட்டு வரட்டும்.”

“அக்கா இருக்காகள்ல.”

அது எனக்குப் பதில் சொல்லத் தகுந்த பேச்சாகப் படவில்லை.

மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. ஒரு கிழட்டு மரத்தின் பொந்து வாசலில் ஒரு ஆந்தை. வீட்டுப் பக்கம் திரிகிற சின்ன ஆந்தை இல்லை. முழங்கை நீளத்துக்கு நிற்கிற பெரிய மர ஆந்தை. தலையில் கொம்பு கிடையாது. முகத்தில் தண்ணீரில் கல் போட்டது போல வட்டத்துக்குள் வட்டம். உடம்பு முழுக்க வெள்ளையும் கறுப்பும் செம்மண்ணும் கலந்து தெளித்த மாதிரி. எங்கள் மாவட்டத்தில் அதை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்த்ததாக யார் சொன்னாலும் நம்பியிருக்கவும் மாட்டேன். கீழே எழுதியிருந்தார்: பிட்டா வரவில்லை, இருட்டுகிற நேரத்தில் கைபேசியில் இருந்த குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், இது பதில் கொடுத்தது, இடம் சொன்ன பேராசிரியருக்கு நன்றி.

அடுத்த நிமிடமே எனக்கு வாழ்த்துகள் வரத் தொடங்கின. இத்தனை நாள் இதை ஒளித்து வைத்திருந்தீர்களா என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் தெரியாமல் அனுப்பினேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கை கூப்புகிற பொம்மையைப் போட்டேன். அதற்கும் முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

காலையில் அக்கா கூப்பிட்டாள். நான் வழக்கம்போல, “என்னக்கா!” என்று கத்தினேன்.

“கத்தாத தம்பி. எனக்கு நல்லாக் கேக்குது.”

மெல்லிய குரலில் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

“காதுக்கு வைத்தியம் பாத்தியா?”

“காதுக்கென்ன? அது எப்பவும் போலத்தான் இருக்கு. ஊருக்குத்தான் செவிடு.”

பிறகு சொன்னாள். மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் காட்டிலிருந்து அந்த ஆந்தையின் சத்தம் கேட்டிருக்கிறது. ஏறி, நடுங்கி, அழுவது போல இறங்குகிற சத்தம். மச்சான் இறந்ததும், அது கத்தித்தான் ஆள் போய்விட்டார் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. மறுபடி கத்தினால் கல்லால் அடித்து விரட்டிவிடுவது என்று சிலர் காத்திருந்தார்கள். காட்டை ஒட்டிய ஒரே வீடு அக்காவுடையது. அதனால் காலையில் வந்து அவளிடம்தான் கேட்பார்கள், ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டதா என்று.

“கேக்கலன்னா நம்ப மாட்டாக. தூங்கிட்டேன்னா எத்தன நாளைக்குத் தூங்குறது? அதான் காது போச்சுன்னு சொல்லிட்டேன். அப்பறம் யாரும் கேக்கல. எல்லாரும் கத்திக் கத்திப் பேசுனாக, எனக்குச் சிரிப்பா வரும்.”

“உனக்கு எதுக்குக்கா இந்த வேல? அத வெறுக்குறதுன்னா நீதான மொத ஆளா வெறுக்கணும்?”

“அது கத்தி அவுக போகல தம்பி. அவுக ஈரலு கெட்டுப் போனாக. அவுக போனதுக்கப்பறம் ராவுல எனக்குச் சத்தம் குடுத்தது அது ஒண்ணுதான். இந்த வருசம் பொந்துல குஞ்சு பொரிச்சிருக்கு. அதக் காட்டத்தான் உன்னையக் கூப்புட்டேன்.”

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நேத்து பச்சைச் சட்டைக்காரவுக வந்து அது மாதிரியே சத்தம் போட்டாக. அது பதில் குடுக்குது, இவுக போடுறாக, அது குடுக்குது. ஊரே வெளிய வந்துருச்சு. நான் கொல்லக் கதவத் தொறந்துக்கிட்டு ஓடுறேன், நிப்பாட்டுங்கப்பா, நிப்பாட்டுங்கப்பான்னு. அப்பறம் திரும்பிப் பாத்தா எல்லாரும் என்னையவே பாக்குறாக, செவிட்டுக் கெழவிக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “எந்தப் படுபாவி அவுகளுக்கு வழி சொன்னானோ தெரியல.”

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஊர் கூடிச் சாமியிடம் பூக்கட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பறவை இருக்கட்டும், சிவப்பு வந்தால் விரட்டிவிடலாம். அந்த ஊரில் ஒருவர் நெஞ்சுவலியோடு காரைக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு அரிய பறவையின் உயிரை இலைப்பொட்டலத்தில் வைத்துச் சூதாடுகிறார்கள், இந்த மூடர்களிடம் என் அக்கா மாட்டிக்கொண்டாளே என்று மனைவியிடம் நெடுநேரம் பேசினேன். படித்தவன் பேசுகிற பேச்சையெல்லாம் பேசினேன்.

மறுநாள் அக்கா மறுபடி கூப்பிட்டாள். குரலில் ஒரு துள்ளல்.

“வெள்ளை வந்துருச்சு தம்பி! சாமியே இருக்கட்டும்னு சொல்லிருச்சு. இனி ஒரு பய கல்லெடுக்க மாட்டான். பூசாரி என்னையப் பாத்து, ஏன் அப்பத்தா, எங்ககிட்டச் சொல்லியிருந்தா நாங்களே காவக் காத்திருப்போம்லன்னு கேக்குறான்.”

“நல்லதாப் போச்சு.”

“ஊர்க்காரவுக சரியாயிட்டாக. அந்தக் கேமராக்காரவுகதான். நேத்தும் வந்தாக, இன்னும் ரெண்டு காரு கூட. கோயிலுக்கு வந்தவுகளப் போகச் சொல்லி இங்க வழக்கமில்லையா, யாருக்கும் வாய் வரல. தாய் உள்ள இருக்க மாட்டேங்குது, வெளிய வாரதும் போறதுமா கெடக்கு. நீ வந்து சொன்னாக் கேப்பாக. உன் ஆளுகதான அவுக?”

“வாரேன்க்கா. இன்னைக்கே வாரேன்.”

மதியம் காரை எடுத்தேன். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

“நிப்பாட்டப் போறவுகளுக்கு அது எதுக்கு?”

“பழக்கம்,” என்றேன்.

அக்கா கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கொல்லைப் பக்கம் நான் வருவது அதுதான் முதல் தடவை என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பொட்டலில் நடந்தாள். “நீ வந்துட்டேல்ல, இனிக் கவலையில்ல,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

காட்டின் ஓரத்தில் ஊர்க்காரர்களின் செருப்புகள் கிடந்தன. நாங்களும் கழற்றிப் போட்டோம். உள்ளே போனால், அந்தக் கிழட்டு மரத்தைச் சுற்றி பூட்ஸ் கால்கள். முக்காலிகளை நட்டு, கேமராக்களைப் பொந்தின் பக்கம் திருப்பிவைத்து நின்றார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காட்டுக்குள்ளே நல்ல மரங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மரங்கள். அதைக்கூட அன்றுதான் பார்த்தேன்.

படக்காரர் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். “சார்! வாங்க வாங்க. நீங்க சொன்ன ஸ்பாட்டு சார் இது! செம ஹிட்டு!”

எல்லாருக்கும் கேட்டது. ஊர்க்காரர்களோடு ஓரமாக நின்ற பூசாரிக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்டது. அவள் கை என் முழங்கையில்தான் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் எவ்வளவு தூரம் பொறுத்தாள் என்பது தெரிய வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, என் காதருகில், “சரி விடு, இப்பச் சொல்லு,” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் படக்காரர் சொன்னார். “ஜஸ்ட் மிஸ் சார். இப்பதான் வெளிய வந்து உக்காந்துட்டு அந்த மரத்துக்குப் போச்சு. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா கிடைச்சிருக்கும்.”

அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது என்ன என்று எவ்வளவோ முறை யோசித்துவிட்டேன். கோபம் இல்லை. வெட்கமும் இல்லை. இங்கே நிற்கிற எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. அது மட்டும்தான். அறிவில் என் கால் தூசுக்கு வராதவர்கள் என்று நான் நினைத்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

“இன்னும் ஒரு தடவை போடுங்க,” என்றேன்.

அவர் போட்டார். ஒலிபெருக்கியிலிருந்து அந்த ஓலம் ஏறி நடுங்கி இறங்கியது. எதிர்மரத்திலிருந்து உயிருள்ள ஒன்று பதில் சொன்னது. பிறகு சிறகு அடிக்கிற சத்தமே இல்லாமல் ஒரு பெரிய உருவம் தாழப் பறந்து வந்து பொந்துக்கு மேலே கிளையில் உட்கார்ந்தது. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். வட்டத்துக்குள் வட்டமாய் முகம், நடுவில் கறுத்த கண்கள். அது எங்களைப் பார்க்கவில்லை. இல்லாத எதிரியைத் தேடித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது. விளக்குகள் பளிச் பளிச்சென்று அடித்தன. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு வெகுநாளாக இல்லை.

பைனாகுலரை இறக்கிய பிறகுதான் முழங்கையில் கை இல்லை என்பதைக் கவனித்தேன். அக்கா காட்டைத் தாண்டிப் பொட்டலில் போய்க்கொண்டிருந்தாள். செருப்பை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் எல்லாரையும் கிளம்பச் சொன்னேன். எல்லை, ஒழுங்கு, பறவையின் நலம் என்று கண்டிப்பாகவே பேசினேன். உடனே கேட்டுக்கொண்டார்கள். என்னையும் சேர்த்து எல்லாரும் பார்த்து முடித்தாயிற்று; கேட்டுக்கொள்வதில் என்ன கஷ்டம்?

தாய் மறுபடி பொந்துக்குத் திரும்பவில்லை. எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து நான் போனபோது பூசாரிதான் சொன்னார். மரத்தடியில் இரண்டு குஞ்சுகள் எறும்பு மொய்த்துக் கிடந்தன, பஞ்சு மாதிரி இருந்தன, காட்டுக்குள்ளேயே குழி தோண்டி, பால் ஊற்றிப் புதைத்துவிட்டோம் என்றார். அவர் கோபப்படவில்லை. விபூதித் தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே, “சாமி இருக்கச் சொன்னத நீங்க கெளப்பிட்டீகளே சார்,” என்றார்.

அந்த ஊர்க்காரர்கள் கையில் கல்லோடு காத்திருந்தவர்கள். ஒரு குழந்தை எடுத்த இலையில் வெள்ளைப் பூ இருந்ததும் கல்லைக் கீழே போட்டுவிட்டார்கள். அவர்களைத்தான் மூடர்கள் என்றேன். பறவையின் பெயரும் குணமும் கூடு கட்டும் காலமும் தெரிந்த நாங்கள் விடவில்லை.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆந்தைப் படத்தால் எனக்குப் பெயர் வந்தது. வெளியூரில் ஒரு கூட்டத்தில், பறவை பார்ப்பவர்களுக்கான நல்லொழுக்கம் பற்றிப் பேச அழைத்தார்கள். போனேன். நன்றாகவே பேசினேன். சால்வை போட்டார்கள். அந்தச் சால்வை பீரோவில் இருக்கிறது, பச்சை நிறம்.

ஆறுமணிக்குருவிக் காட்டுக்கு இப்போது போவதில்லை. ஐப்பசியில் அது வந்திருக்கும். எவராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கூப்பிடுகிறேன். அவள் போனை எடுக்காமல் இருப்பதில்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம், முற்றத்தில் கோழி, தெருவில் போகிற யாருக்கோ அவள் சட்டென்று பதில் சொல்வது, எல்லாம் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. இப்போது ஊரில் யாரும் அவளிடம் கத்திப் பேசுவதில்லை. நானும் கத்துவதில்லை.

“நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா,” என்று மெதுவாகத்தான் சொல்கிறேன்.

அடுப்பில் கொதிப்பதை அவள் இறக்கிவைக்கிற சத்தம் வரும்.

“கேக்கல தம்பி,” என்பாள். “வச்சிரவா?”